புளுகுக்கு ஒரு காபி

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆங்கிலத்தை அந்த இயந்திரம் இட்லி பிட்டுவைப்பதுபோல் பிட்டுவைத்ததில் மாட்டுங்காவில் எங்கள் கட்டடமே ஓர் அடி உயர்ந்துவிட்டது. சியாட்டிலில் இருக்கும் மகன் என் போனில் ஏற்றிவைத்த செயற்கை அறிவு அது. இங்கிலாந்து ராஜாக்களே மறந்துபோன கவிதை வரி ஒன்றைத் தட்டினேன். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் அர்த்தம், காலம், உச்சரிப்பு எல்லாம் வந்துவிட்டன. கைதட்டினேன். சத்தம் சமையலறை வரை போய், யாரும் இல்லை என்று திரும்பி வந்தது.

இந்தப் பைத்தியம் எனக்கும் ஜம்புவுக்கும் ஃபோர்ட்டில் ஒன்றாக வேலை பார்த்த வக்கீல் ஆபீசில் பிடித்தது. பழைய குத்தகைப் பத்திரங்களில் ஆரம்பித்து, நடைபாதைப் புத்தகக் கடைகள் வழியாகக் காலத்தில் பின்னாலேயே போய் ஆதி ஆங்கிலத்தில் விழுந்தோம். நிஜ வரிகளுக்கு நடுவே என் சொந்தச் சரக்கு ஒன்றைச் செருகுவேன். ஜம்பு மோதிர விரலால் டபராவை இரண்டு தடவை தட்டுவான். "டேய், இது நேத்து ஒன் ஆத்துல பொறந்ததுடா!" மாட்டிக்கொண்டால் கிங்ஸ் சர்க்கிளில் காபி என் செலவு. மொத்த பம்பாய்க்கும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இயந்திரத்துக்கும் ஒன்று வைத்தேன். பல் தேய்க்கும்போது ஜோடித்த, எந்த அகராதியிலும் இல்லாத வரி. மாட்டிக்கொள்ளப் போகிற குஷியில் காத்திருந்தேன். "அரிய வரி. கரையில் தோழனுக்காகக் காத்திருக்கும் மாலுமியின் புலம்பல்" என்றது. 'புளுகு' என்று தட்டினேன். உடனே மன்னிப்புக் கேட்டது. முதலில் கேட்ட நிஜ வரியையும் புளுகு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு திலக் நகர் கிளம்பினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து ஜம்பு அங்கே மகள் கீதா வீட்டில்தான்.

"வாங்கோ மாமா. அப்பா வாயே திறக்கறதில்லை. நேத்து என்னையே யாரோன்னு பார்த்தார். ஒங்களைத் தெரியுமோ என்னமோ."

"தெரியாட்டா புதுசா சிநேகம் பண்ணிக்கறேன். நீ காபி கொண்டா, டபராவோட."

"அவர் கையில குடுக்காதீங்கோ, கொட்டிப்பார்."

ஜம்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மோதிரம் விரலில் தொளதொளத்தது. கீதா காபியை வைத்துவிட்டு உள்ளே போனதும் டபராவை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இயந்திரம் மெச்சிய அந்த வரியை ஏழு கடலுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆயிரம் வருஷத்துக் கவிதைடா ஜம்பு! கரையில ஒருத்தன் தோழனுக்காகக் காத்துண்டிருக்கான். கம்ப்யூட்டரே ஒத்துண்டுடுத்து."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஹார்பர் லைன் லோக்கல் ஒன்று ஜன்னல் கம்பிகளை உலுக்கிக்கொண்டு போயிற்று. டபராவில் காபி வட்டம் வட்டமாக அதிர்ந்தது. ரயில் போன பிறகும் வட்டங்கள் அடங்கவில்லை. அவனுடைய மோதிர விரல் டபராவின் விளிம்பில் இருந்தது.