பதினோரு தொன் தின்ற மனிதர்

இரத்தினம் வீட்டில் இருக்கும்போது அடுப்பில் சோறு வேகாது. அரிசி சிவப்பா வெள்ளையா, விறகு காய்ந்ததா ஈரமா, அடுப்பு மண்ணா காஸா என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் வாசற்படி ஏறியதும் நெருப்பு சுருங்கும், கொதித்துக்கொண்டிருந்த உலை வாயை மூடும், இறக்கி வைத்த சோற்றிலிருந்து எழும் ஆவியும் அடங்கிவிடும். ஒரு வாரம் அவரை வீட்டுக்குள்ளும் காலில் தடித்த சப்பாத்தோடு நடமாடவிட்டுப் பார்த்தாள் மனைவி செல்லாச்சி. அப்போது சோறு பாதி வெந்தது. பாதி வெந்த சோறு பச்சை அரிசியைவிட மோசம் என்று கண்டு அந்த முயற்சியைக் கைவிட்டாள். ஆக, இருபது வருஷத்தில் புருஷனோடு உட்கார்ந்து அவள் ஒரு நாள்கூடச் சுடுசோறு சாப்பிட்டதில்லை. அவர் வேலைக்குப் போனதும் சமைத்துத் தான் மட்டும் சுடச்சுடச் சாப்பிடலாம், அல்லது அவர் வரும்வரை காத்திருந்து ஆறியதைச் சேர்ந்து சாப்பிடலாம். அவள் காத்திருந்தாள். காத்திருந்ததை வாரத்துக்கு நாலு தரம் சொல்லியும் காட்டினாள்.

இது பிறவியிலேயே வந்த குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரத்தினம் உடப்பைச் சேர்ந்தவர். அம்மன் கோயில் தீமிதியில் ஒன்பது ஆடி மாதம் எல்லோரையும் போல ஓட்டமும் நடையுமாகத்தான் குழியைக் கடந்தார். 2001இல், பத்தாவது முறை, நடுக்குழியில் இடுப்பு வேட்டி அவிழ்ந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வேட்டியில்லாமல் கரையேறுவதைவிடத் தணலில் நிற்பது மேல் என்று நினைத்தார் போலும். நின்று, வேட்டியை உதறி, மடித்து, இறுக்கிக் கட்டி, முடிச்சு சரியா என்று இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் நடந்தார். அன்றிலிருந்து நெருப்பு அவரிடம் அடங்கிப் போயிற்று. அடுத்த ஆடியில் அவருக்குப் பின்னால் இறங்கியவர்கள் எல்லோரும் குளிர்ந்த சாம்பலில் நடந்தார்கள், நேர்த்திக்கடன் செல்லாது என்று சண்டை பிடித்தார்கள். எல்லோரும் நடந்து முடிந்த பிறகு வந்து திருநீறு வாங்கிக்கொள்ளும்படி அவரைக் கோயில்காரர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய கலியாணத்துக்கு முன்னேஸ்வரத்திலிருந்து வந்த ஐயரோ, மாப்பிள்ளையைத் தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட்டு ஓமத்தை வளர்த்தார். மாப்பிள்ளை திரும்பி வந்து தாலியைக் கையில் எடுத்தபோது புகைதான் மிச்சம். புகை சாட்சியாகத்தான் அந்தத் தாலி ஏறியது.

2014இல் இரத்தினத்துக்குத் தாழைக்குடா அனல் மின் நிலையத்தில் வேலை கிடைத்தது. நுரைச்சோலையில் இருப்பது பெரியது, அது எல்லோருக்கும் தெரியும். இது அதற்கும் வடக்கே, கடலை ஒட்டி நிற்கும் சின்னது. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கொதிகலன் கட்டடத்தில் சாம்பல் கூட்டும் வேலை. புருஷனும் பெண்சாதியும் அங்கேயே றஹ்மத் உம்மா என்ற விதவையின் வளவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார்கள். றஹ்மத் உம்மா நல்ல மனுஷி. ஆனால் நோன்பு மாதத்தில் பின்னேரமானால் வேலிக்கு மேலால் அவருடைய குரல் கட்டாயம் கேட்கும்: "இரத்தினம் தம்பி, கஞ்சி அடுப்புல ஈக்கி. ஒருக்காக் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வாங்களேன், பாங்கு சொன்ன பொறகு வரலாம்." இரத்தினமும் முப்பது நாளும் கடற்கரையில் போய் நின்றார். திரும்பி வரும்போது அவருக்கென்று ஒரு கோப்பை கஞ்சி வேலியில் இருக்கும். அவர் தொட்டதும் அது ஆறிவிடும்.

மின் நிலையத்தில் மட்டும் ஐந்து வருஷமாக யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சில ஷிப்ட்டுகளில் கொதிகலன் அளவுக்கு மிஞ்சிக் கரி தின்றது. கரி மட்டம் என்றார்கள், கடற்காற்றின் உப்பு என்றார்கள், குழாய்களைச் சுரண்டிப் பார்த்தார்கள், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார்கள். வந்தவர்கள் இளநீர் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துப் போனார்கள். 2019இல் புத்தளத்திலிருந்து ருஷ்தா என்ற எஞ்சினியர் வந்தார். எரிக்கிற ஒவ்வொரு கட்டிக் கரியும் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அந்தப் பிள்ளை கதைப்பது குறைவு, பார்ப்பது அதிகம். நாலு வருஷ வரைபடங்களை நீளமாக ஒட்டி, கரி மிச்சம் பிடித்த நாட்களைச் சிவப்பு மையால் சுற்றினார். அந்த நாட்களில் எல்லாம் இரத்தினம் லீவு.

ருஷ்தா அவரைக் கூப்பிட்டு, "அண்ணன், ஒருக்கா கேற் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். போனார், கொதிகலன் மானியின் முள் ஏறியது. வந்தார், முள் இறங்கியது. ஏழு தரம் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு ருஷ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணன், நீங்க ஒரு ஷிப்ட்டுக்குப் பதினோரு தொன் கரி திங்கிறீங்க. காலில சப்பாத்து இருந்ததாலதான் பதினொண்டோட நிண்டிருக்கு."

"மிஸ், நான் ரெண்டு துண்டு பாண் திங்கிற ஆள்" என்றார் இரத்தினம். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அறிக்கையை அனுப்பிவிட்டு ருஷ்தா அவரை வேறு பகுதிக்கு மாற்றும்படி நாலு தரம் கேட்டார். மேலிடம் அறிக்கையை மட்டும் படித்தது. 2023 ஜூலையில் இரத்தினத்தைக் கட்டாய லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று மேலிடத்துக்கு எங்கே தெரியப் போகிறது? செல்லாச்சியின் அடுப்பு அன்றோடு அணைந்தது. முதல் நாள் பாணும் வாழைப்பழமும். இரண்டாம் நாளும் அதுதான். மூன்றாம் நாள் பாண் மட்டும். கடற்கரைக்குப் போய் நிற்கலாம் என்றால், கச்சான் காற்று மணலை அள்ளிக் கண்ணில் அடிக்கிற மாதம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் யாராலும் அங்கே நிற்க முடியாது. நாலாம் நாள் காலை செல்லாச்சி அலுமாரியைத் திறந்து சேலைகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"எங்க போறாய்?"

"உடப்புக்கு. அண்ணன் வீட்டுக்கு."

"கோவமா?"

"உங்களோட எனக்கென்ன கோவம்?" என்றாள் செல்லாச்சி. "பசி. வேற ஒண்டுமில்ல. பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போறன்."

கோபம் என்றால் நாலு நாளில் தணியும், காலைப் பிடித்தாவது தணிக்கலாம். பசியை இரத்தினம் என்ன செய்வார்? போகாதே என்று எப்படிச் சொல்வது? அவளுக்குச் சோறு வேக வேண்டுமானால் அவர் இல்லாத இடத்தில்தான் வேகும். கதிரையில் உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் மின் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சித்திரை கழிந்தால் கடல் கொந்தளிக்கும், ஒக்டோபர் வரை கரிக் கப்பல் கிட்ட வராது. அதனால் கச்சான் மாதங்களுக்கு வேண்டிய கரியை முன்கூட்டியே இறக்கி, யாட் என்கிற கரி முற்றத்தில் மலையாகக் குவித்து, காற்றுப் புகாமல் டோசரால் அழுத்தி வைப்பார்கள். கரிக்கு ஒரு குணம். கிடந்த இடத்தில் சும்மா கிடக்காது. இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே போனாலும் போதும், யாரும் கொளுத்தாமலே வயிற்றுக்குள் சூடாகி ஒரு நாள் தானாகப் பற்றிக்கொள்ளும். அன்று காலை குவியலின் நடு உச்சியிலிருந்து புகை கிளம்பியது. தண்ணீர் அடித்தார்கள். தண்ணீர் கரியை அரித்து ஓடை வெட்ட, அந்த ஓடையால் காற்று உள்ளே புகுந்தது, புகை இரண்டு மடங்காயிற்று. கிண்டி எடுத்துப் பரப்பலாம் என்றால் அடிக்கிற காற்றுக்குத் தணல் பறக்கும். குவியலுக்கு அந்தப் பக்கம் கரியைக் கொண்டுபோகும் ரப்பர் பட்டி, இந்தப் பக்கம் ஊர். மூன்று மாதக் கரி அது.

பாதுகாப்பு அதிகாரி அல்பிரட், சிலாபத்துக்காரர். பிலாப்பழம் வெட்டினாலும் கையுறை போடுகிற மனிதர், விபத்துப் பதிவேட்டைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர். அவரிடம் ருஷ்தா ஓடிப்போய்க் காதில் நாலு வார்த்தை சொன்னார். பத்து நிமிஷத்தில் அல்பிரட்டின் மோட்டார் சைக்கிள் றஹ்மத் உம்மாவின் வளவுக்குள் நின்றது.

"இரத்தினம் அண்ணே, குவியல் பத்திப் போச்சு. ஏறுங்க. முதல்ல ஹெல்மெட்டைப் போடுங்க."

"நான் லீவுல, சேர்."

"லீவக் கடாசுங்க!" என்றார் அல்பிரட். அவர் வாயிலிருந்து விதிக்கு மாறாக வந்த முதல் வார்த்தை அது.

சப்பாத்து, இடுப்பு வார், முகமூடி எல்லாம் மாட்டி இரத்தினம் குவியலில் ஏறினார். புகை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அவர் கீழே பார்த்து, "சேர், சப்பாத்தைக் கழட்டினாத்தான் சரிவரும்" என்று கத்தினார். கரி யாட்டில் வெறுங்கால் என்பது அல்பிரட்டுக்குக் கெட்ட கனவில்கூட வராத விஷயம். சிலுவை போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, "நான் இந்தப் பக்கம் ஒண்டும் பாக்கல்ல" என்றார். இரத்தினம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புகைக்கு நடுவில் போய்ச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். குவியல் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சில் கீழே நின்றவர்களின் தொப்பிகள் பறந்தன. புகை நூலாகி, நூலும் அறுந்தது. ஆனாலும் உள்ளே இருக்கிற சூடு முழுவதும் தணிகிறவரை அசையவே வேண்டாம் என்று ருஷ்தா ஒலிபெருக்கியில் சொன்னார்.

வீட்டில் செல்லாச்சி, அல்பிரட் எதற்கு வந்தார் என்றுகூடக் கேட்காமல், மனிதர் படியிறங்கியதுமே விறகைப் பற்றவைத்து உலை வைத்திருந்தாள். போகிற போக்கில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது எண்ணம். அரிசி கொதித்துப் புரளத் தொடங்கியபோது மின் நிலையத்துச் சங்கு ஒருவழியாக ஊதியது. சங்கு ஊதினால் தீ என்று அர்த்தம். அவள் கையில் எது இருந்ததோ அதோடு ஓடினாள். கையில் சோற்றுப் பானை இருந்தது. பிடிதுணியோடு பானையைப் பிடித்துக்கொண்டு, தலை அவிழ, "ஐயோ என்ட மனிசன்!" என்று கத்திக்கொண்டு வீதி நெடுக ஓடியதை றஹ்மத் உம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். கேற்றில் காவலாளி அனுமதிச் சீட்டுக் கேட்டான். அவள் பானையைக் காட்டினாள். அவன் விலகிவிட்டான். யாட்டில் அல்பிரட் மட்டும் விடவில்லை, துரத்திப் பிடித்துத் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்த பிறகுதான் விட்டார்.

அவள் உச்சிக்கு ஏறியபோது இரத்தினம் கரியில் குளித்து எழுந்தவர் மாதிரிக் கண் மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறார் என்று கண்டதும் அவளுக்கு ஏச்சு வந்தது. "சொல்லாமக் கொள்ளாம இதுல வந்து குந்திக்கொண்டிருக்கிறீங்களே, ஆருக்காக? வேலையும் இல்ல, வேலை தந்தவனும் இல்ல! வெந்து போயிருந்தா நான் ஆரிட்டப் போய்ச் சண்டை பிடிக்கிறது?" ஏசி முடிகிறபோது கை உளைந்தது. பானையைக் கரியின் மேல் வைத்துவிட்டு, ஹெல்மெட்டோடு அதன் பக்கத்தில் இருந்து அழுதாள்.

பானை கொதித்தது.

இரண்டு பேருக்கும் அது உடனே விளங்கவில்லை. மூடி தட்டிய சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தார்கள். இரத்தினம் இரண்டு முழம் தள்ளி இருக்கிறார், கஞ்சி நுரைத்து வழிகிறது, அரிசி மேலும் கீழும் புரள்கிறது. செல்லாச்சி அவரையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூச்சைக்கூட இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், விட்டால் நின்றுவிடுமோ என்று. குவியலுக்குள் இருந்த சூடெல்லாம் இரத்தினத்தின் காலைத் தேடி மேலே வந்துகொண்டிருந்ததாகவும், பானை அது வருகிற வழியில் இருந்ததாகவும் ருஷ்தா பிறகு எழுதினார். அதுவும் சரியாகத்தான் இருக்கும். சோறு வெந்தது. கஞ்சியை வடிக்க இடமில்லாமல் அப்படியே வைத்தாள். ருஷ்தா தன்னுடைய மதியச் சாப்பாட்டிலிருந்து சூடைமீன் பொரியலையும் சம்பலையும் டோசர்காரனிடம் கொடுத்து மேலே அனுப்பினார். பானை மூடியில் சோற்றைப் போட்டுச் செல்லாச்சி நீட்டினாள். ஆவி பறந்தது. பறந்துகொண்டே இருந்தது.

இரத்தினம் வழக்கம்போல ஒரு பெரிய பிடி அள்ளி வாயில் வைத்தார். உடனே துள்ளினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாயை ஆவென்று திறந்து கையால் விசிறினார். பதினோரு முறை தீக்குழி இறங்கிய மனிதர், "சுடுதடி செல்லாச்சி, சுடுது!" என்றார்.

"சுடத்தான் செய்யும்" என்றாள் செல்லாச்சி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "சோறெண்டா அதுதான்."

பன்னிரண்டு மணி பஸ் கேற்றடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று பின்னேரம் அல்பிரட் விபத்துப் பதிவேட்டை எடுத்து எழுதினார்: தீ, அணைந்தது. சேதம், மூன்று தொப்பி. காயம் அடைந்தோர், ஒருவர். காயம் பட்ட இடம், நாக்கு. சிகிச்சை, தண்ணீர்.

அதன் பிறகு கட்டாய லீவைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. இரத்தினத்தைக் கரி யாட்டுக்கு மாற்றினார்கள், வேலையும் நிரந்தரமாயிற்று. வீணாகப் புகையாமல் அவர் காலடியில் கிடந்த கரி கொதிகலனில் நன்றாக எரிகிறது என்று ருஷ்தா இன்னொரு வரைபடம் ஒட்டி, இந்த முறை அவருடைய நாட்களை நீல மையால் சுற்றினார். கச்சான் மாதங்களில் குவியலில் எந்த இடம் சூடேறுகிறதோ அந்த இடத்துக்குச் செல்லாச்சி பானையோடு போவாள். கேற்றில் அவளுக்கென்று ஒரு ஹெல்மெட் தொங்குகிறது. போகிற வாக்கில் றஹ்மத் உம்மாவின் கறிச் சட்டியையும் கொண்டுபோவதுண்டு. பாதுகாப்பு விதிகளில் அல்பிரட் ஒரு வரி சேர்த்திருக்கிறார், பானைக்கு மூடி கட்டாயம் என்று. ஒக்டோபரில் குவியல் கரைந்து கப்பல் வந்ததும் வீட்டில் மறுபடி ஆறிய சோறுதான். அதற்குச் செல்லாச்சி இப்போது வாரத்துக்கு ஒரு தரம்தான் சொல்லிக்காட்டுகிறாள். சுடுசோற்றை இரத்தினம் ஊதிச் சாப்பிடப் பழகிவிட்டார்.