சம்மன் வாங்க ஓர் ஆள்

வெர்னா ஸ்டாக்லி அந்த விண்ணப்பத்தை மூன்றாவது முறையாகப் படித்தாள். முட்டி வலித்தது. காப்பி ஆறிப் போயிருந்தது. வெளி வங்கிகளுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும்தான் மாநில வங்கித் துறையில் முப்பத்தோரு வருடமாக அவள் வேலை. மறுத்ததே அதிகம். மறுத்து மறுத்து அலுத்துப் போயிருந்தாள்.

எதிரே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஹோபார்ட் லெஃப்ளர் உட்கார்ந்திருந்தார். ஒஹாயோ ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு சின்ன வங்கியின் அதிகாரி. பாலத்தில் நடந்தால் இருபது நிமிடம். ஆனால் அக்கரை வேறு மாநிலம், அதனால் சட்டத்தின் கண்ணுக்கு அது அந்நிய வங்கி. இக்கரையில் ஒருவர் சொத்தை அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுக்காகப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டியாக அது இருக்க வேண்டுமானால், இங்கேயே குடியிருக்கும் ஓர் ஆளின் பெயரைக் கொடுக்க வேண்டும். வங்கிமேல் யாராவது வழக்குப் போட்டால் சம்மனை வாங்கிக்கொள்ள அந்த ஆள். ஆள் இல்லையென்றால் அனுமதியும் இல்லை.

"பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி யார் பேரைக் குடுத்தீங்க?" என்றாள் வெர்னா.

"ஓரா பெட்ரி." லெஃப்ளரின் குரல் உள்ளே போனது. "இந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவங்கதான். வேற யாரைத் தெரியும்?"

"அவங்க செத்தாத்தானே உங்க டிரஸ்டி வேலையே ஆரம்பம்! சம்மன் வாங்கவும் அவங்களையே போட்டா, கல்லறையில போயா குடுக்கறது? மூளையை அடகு வச்சுட்டீங்களா ஹோபார்ட்?"

"அப்ப குத்துக்கல்லு மாதிரி இருந்தாங்க, வெர்னா."

வீட்டை மகனுக்காக வங்கியின் பொறுப்பில் எழுதி வைத்துவிட்டு, ஓரா போன மாதம் இறந்தாள். அனுமதியும் கூடவே போயிற்று. நாளைக் காலை நீதிமன்றத்தில் வங்கி புது அனுமதியைக் காட்டாவிட்டால் ஓராவின் தம்பி டிரஸ்டியாகிவிடுவான். வீட்டை விற்றுவிட்டு, அவள் மகன் டாய்லை ஏதாவது விடுதியில் தள்ளப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

லெஃப்ளரோடு வந்திருந்த டாய்ல் ஜன்னலோரம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நாற்பத்துநான்கு வயது. மூன்று டாலருக்கும் முப்பது டாலருக்கும் வித்தியாசம் தெரியாது.

"வீட்டுக்குப் போலாமா? கோழிக்குத் தீனி போடணும்" என்றான்.

மறுப்பு முத்திரையைக் கையில் எடுத்த வெர்னா, பழக்க தோஷத்தால் சம்மன் வாங்கும் ஆளுக்கான விதியை இன்னொரு முறை பார்த்தாள். வயது வந்தவர். இம்மாநிலத்தில் குடியிருப்பவர். சுயபுத்தி இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவிக்காதவர். அவ்வளவுதான்.

"டாய்ல், உனக்கு விவரம் பத்தாதுன்னு கோர்ட்டுல யாராவது எழுதி வாங்கியிருக்காங்களா?"

"மாமா ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனாரு. அம்மா வந்து சண்டை போட்டு இழுத்துட்டு வந்துட்டாங்க. எழுத விடல."

"வங்கிக்குன்னு ஒரு காகிதத்தை யாராவது உன் கையில குடுத்தா என்ன செய்வே?"

"பாலம் தாண்டிப் போயி ஹோபார்ட்கிட்ட குடுப்பேன். அன்னிக்கே. மழை பெஞ்சாலும்."

லெஃப்ளர் நிமிர்ந்தார். "வெர்னா, அவனுக்குத்தானே நாங்க டிரஸ்டி! அவனே எங்கமேல வழக்குப் போட்டா, சம்மன் அவன்கிட்டயே வருமே?"

"வரட்டும். கூடாதுன்னு எங்கேயும் எழுதல."

முத்திரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, படிவத்தை டாய்லின் பக்கம் நகர்த்தினாள்.

"இது என்ன வேலை?" என்று கேட்டான் அவன்.

"உங்கம்மா பார்த்துட்டிருந்த வேலை. இனிமே நீ பாரு."

டாய்ல் விரல்களைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.