பிளாட்பாரத்தில் ஆளில்லை

ரயிலே எட்டிப் பார்க்காத ஊரில் ஒரு மனுஷனுக்கு ரயில் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? வீட்டு நடு அறையில் கட்டில் போட இடம் இருக்காது. உத்தமபாளையத்தில் அபுபக்கர் வீட்டில் அதுதான் ஆனது. தேனியைத் தாண்டித் தெற்கே கம்பம், கூடலூர், குமுளி மலையடிவாரம் வரைக்கும் தேடினாலும் ஒரு முழம் தண்டவாளம் கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர் அவர். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் புகைந்துபோன மோட்டாரெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். அப்பன் பாட்டன் யாரும் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்ததில்லை. செம்புக் கம்பி வாங்கத் தேனிக்குப் போகும்போது ஊர் நடுவே ரயில்வே கேட் மூடும். பஸ்ஸில் இருக்கிற சனமெல்லாம் போடி வண்டியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் இறங்கிப் போய்க் கேட்டில் கை ஊன்றி நிற்பார். அவருக்கும் ரயிலுக்கும் இருந்த ஒட்டுறவு அவ்வளவுதான்.

அந்தத் தேனி ஸ்டேஷனையும் கேட்டையும் ஒரு பெரிய பிளைவுட் மேஜை மேல் சின்னதாகக் கட்ட ஆரம்பித்தார். சாண் நீளத்தில் ஒரு இன்ஜின், பின்னால் நாலு பெட்டி. அட்டையில் வெட்டி ஒட்டிய ஸ்டேஷன். இன்ஜினுக்குள் ஓடுகிற குட்டி மோட்டாருக்கு அவரே கம்பி சுற்றினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போடுவார். அங்கே இவரைப் போல ரயில் கிறுக்குப் பிடித்தவர்கள் கூடுகிற ஒரு பக்கம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி, ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்த்து, பாராட்டி, குற்றம் சொல்லி, அது ஒரு தனி உலகம். அதில் வைகுண்டராஜ் என்று ஒருவர் இவருக்கு ரொம்ப நெருக்கம். போடியில் பிறந்து எங்கேயோ பிலாயில் இரும்பு ஆலையில் வேலை. இரண்டு பேரும் ஒருநாளும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அபுபக்கரின் பிளாட்பாரத்தில் ஆளே இருக்காது. எல்லாரும் குட்டிக் குட்டி மனுஷப் பொம்மைகளை வாங்கி நிறுத்துவார்கள். இவர் வீட்டில் அது நடக்காது. உருவம் வைத்த வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்று மனைவி அக்தர் பேகம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். மலக்கா, பொம்மையா என்று யோசித்துப் பார்த்து அவரும் ஒத்துக்கொண்டார். “என்ன பாய், உங்க ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா இல்ல?” என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “எங்க ஸ்டேஷன்ல எப்பவும் வெள்ளிக்கிழம மத்தியானம். எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்காக.” அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அது பாடமாகிவிட்டது. புதிதாக ஒருவன் வந்து கேட்டால் பழைய ஆட்களே அந்தப் பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்த ஒரு காலையில், பிரித்துப் போட்ட மோட்டார் முன்னால் உட்கார்ந்தபடியே அபுபக்கர் மௌத்தானார். நெஞ்சு வலி என்று சொல்லக்கூட அவகாசம் இல்லை. கடையிலிருந்து வந்து சொன்னவர்களிடம் அக்தர் பேகம் கேட்ட முதல் கேள்வி, “இஸ்திரிப் பெட்டிய அமத்துனேனா?” என்பது. காலையில் அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவள் அவள். கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். அமர்த்தித்தான் இருந்தது.

அவள் அழவில்லை. குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு தடித்துப்போய், கன்னத்தைக் கிள்ளினாலும் யாரோ இன்னொருத்தர் கன்னம் போலிருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. துக்கம் கேட்க வந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டு வாசல் தாண்டியதும் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? “கல்லு மாதிரி உக்காந்திருக்காளேத்தா” என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இத்தா இருக்க வேண்டும். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது, பூ இல்லை, நகை இல்லை, மருதாணி இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் ரஃபியாதான் சாப்பாடு, சாமான் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். அபுபக்கருக்கு அக்காள் அவள். மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்:

“இதக் கழட்டிக் கடையில போட்ருவமா அக்தரு? ஓதுறதுக்கு ஆளு வந்தா உக்கார எடமில்ல.”

“இத்தா முடியட்டும் மதினி.”

“அது எதுக்கு?”

“சும்மாதான்.”

சும்மாதான் என்று சொன்னாளே தவிர, அவளுக்கே காரணம் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரைத் துடைக்கப் போனவள் அதைப் போட்டுப் பார்த்தாள். அவருடைய ரயில் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. வைகுண்டராஜ் எழுதியிருந்தார். “பாய், எங்க ஆளக் காணோம்? வருசக் கடைசியில போடி வண்டிய நிறுத்தப் போறாகளாம். அதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் பின்னால மலை வந்துருமா?” கீழே இன்னும் சிலர், எல்லாரும் அவர் மேஜையில் கட்டாமல் விட்டுப்போன மலையைத்தான் கேட்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் தெரியாது. அந்த இன்டர்நெட் ஊரில் அபுபக்கர் இன்னும் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொல்லிவிடத்தான் அவள் உட்கார்ந்தாள். பி.காம். படித்தவள், தட்டத் தெரியும். ஆனால் விரல் எழுதியது வேறு: “மலை வரும்.” அனுப்பியும் விட்டாள். அடுத்த நிமிஷமே, “அதான பாத்தேன், பாய் வந்துட்டாரு” என்று பதில் வந்தது. அதை இரண்டு தரம் படித்தாள். நல்லது நடந்த மாதிரியும் இல்லை, கெட்டது செய்த மாதிரியும் இல்லை.

அப்புறம் என்ன, சொன்ன சொல்லுக்கு மலை கட்ட வேண்டாமா? பழைய பேப்பரைக் கசக்கி மைதாப் பசை தடவி அடுக்கினாள். சமையல்கட்டு ஜன்னலில் தெரிகிற மேற்கு மலையைப் பார்த்துப் பார்த்து முகடு வைத்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடாமல் விட்டிருந்தது. வெளியே போய்க் குவாரித் தூள் வாங்க முடியாதே, ரவையை டீத்தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துப் பரப்பினாள். போட்டோ எடுத்துப் போட்டாள். இரண்டு நாளில் தேனி ஸ்டேஷன் முழுக்க எறும்பு.

“ரவையா பாய்? எறும்பு வரும், போட்டுறாதீகன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான” என்று வைகுண்டராஜ் எழுதினார்.

“மறந்துட்டேன்” என்று எழுதினாள். அவரா மறப்பார்? நட்டு போல்ட்டைக்கூட எந்த டப்பாவில் போட்டோம் என்று தூக்கத்தில் சொல்கிற மனுஷன்.

மலைக்குப் பச்சை வேண்டியிருந்தது. பெருநாளைக்கென்று அரைத்து வைத்த மருதாணிப் பொடி அலமாரியில் அப்படியே கிடந்தது. இந்த வருஷம் அவள் கையில் ஏறப்போவதில்லை. அதை எடுத்துப் பசை மேல் தூவினாள். முதல் நாள் நல்ல பச்சை. மறுநாள் பார்த்தால் மலை முழுக்கச் சிவந்துபோய்க் கிடந்தது. மருதாணி வேறென்ன செய்யும்? “கோடைக்கால மலையா பாய்?” என்று கேலி செய்தார்கள். பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி கட்டினாள்.

இரண்டாவது மலை நன்றாகவே வந்தது. அதையும் பிய்த்தாள். இந்தத் தரம் குறை ஒன்றும் இல்லை. மலை முடிந்தால் போட்டோ போட வேறெதுவும் இல்லை. போட்டோ இல்லையென்றால் அபுபக்கர் அங்கே என்ன பேசுவார்? அது அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. இந்த வீட்டில், இந்தத் தெருவில், கபர்ஸ்தானில் எல்லா இடத்திலும் அவர் மௌத்தாகிவிட்டார். அங்கே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் ஆகவில்லை. அதை விடுவதற்கு அவளுக்கு மனசில்லை.

நோன்பு வந்தது. நோன்புப் பெருநாள் அவளைத் தொடாமல் வந்துபோனது. ரஃபியா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருக்கு எழுதுற?”

“அவுக கூட்டாளிகளுக்கு.”

“இத்தாவுல இருக்குற பொம்பள அந்நிய ஆம்பளைக்கு எழுதலாமா? மௌத்துச் செய்தின்னா ஒரு வரி எழுதுனா போதாதா? மாசக்கணக்கா என்ன எழுதிக்கிட்டிருக்க?”

“நான் எழுதல மதினி. அவுக எழுதுறாக.”

ரஃபியாவுக்குச் சிலிர்த்துப் போயிற்று. தட்டை வைத்துவிட்டு, ஓதி அவள் தலையில் ஊதிவிட்டுப் போனாள். நல்ல மனுஷி. வேறொருத்தியாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை. இத்தா முடிய இன்னும் சில நாள்தான். மூன்றாவது மலை காய்ந்துவிட்டது, இதைப் பிய்க்க இனி மைதாவும் இல்லை, தெம்பும் இல்லை. தெருவில் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தெருவில், பள்ளியில் ஜும்ஆ முடிந்த பிறகுதான் பெண்கள் வீட்டில் மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுவார்கள். அதுவரைக்கும் கையில் ஒரு வேலையும் இல்லாத நேரம். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி சுவிட்சைத் திருகினாள். சாண் நீள இன்ஜின் ஒருதரம் திக்கி, பிறகு நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து ஆளில்லாத பிளாட்பாரத்தில் நின்றது. பின்னால் பச்சை மலை. போட்டோ எடுத்தாள். போட்டாள். “முடிஞ்சது” என்று எழுதினாள்.

பாராட்டு வந்து குவிந்தது. அதற்கு நடுவே வைகுண்டராஜிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்தது.

“பாய், தப்பா நெனைக்காதீக. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மணி ஒன்னேகால். இத்தன வருசத்துல இந்நேரத்துக்கு நீங்க இங்கன வந்ததே இல்ல. பாய் பள்ளிக்குப் போகாம இருக்க மாட்டாரு. பாய் எங்க?”

அக்தர் பேகத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்க்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இப்படி ஒன்று தெரிந்து எத்தனையோ நாளாயிற்று. ஜும்ஆ அவளுக்கு இல்லை, அதனால் அந்த நேரம் அவள் கணக்கில் வரவே இல்லை. ரவையில் தப்பினாள், மருதாணியில் தப்பினாள், வெள்ளிக்கிழமையில் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. தப்பிக்க வழி இருந்தது. “காச்சலு. அதான் பள்ளிக்குப் போகல” என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது, நிற்க முடியாத காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்த மனுஷன் அவர். இந்த வரியை அனுப்பினால் அவர் அங்கே இருப்பார். ஜும்ஆவை விட்டுவிட்டு ரயில் போட்டோ போடுகிற ஆளாக இருப்பார். அது அவர் இல்லை. செத்த மனுஷன் மேல் இப்படியொரு பழியைப் போட்டு உயிரோடு வைத்து என்ன செய்ய?

அழித்தாள். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்குகிற சத்தம் கேட்டது. அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“நான் அவுக வீட்டுல உள்ளவ. அவுக மௌத்தாயிட்டாக. ஆடியில.”

அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம் வந்தது. சலாம் சொல்லிக்கொள்கிற சத்தம், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் வெள்ளிக்கிழமை தோறும் எழுந்து போய்ச் சோற்றை இறக்கித் தட்டு வைப்பது அவள் வழக்கம். எழுந்தாள். சமையல்கட்டில் போய்த் தட்டை எடுத்து வைத்தாள். செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்து, நிற்காமல் தாண்டிப் போயிற்று. இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. கடைசியில் தெருவில் சத்தமே இல்லை.

ரஃபியா தட்டை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தபோது அக்தர் பேகம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கென்று எடுத்து வைத்த வெறும் தட்டு முன்னால் கிடந்தது.

“என்னத்தா, என்ன ஆச்சு?”

“மதினி,” என்றாள். “அவுக மௌத்தாயிட்டாக மதினி.”

தம்பியை அடக்கம் செய்து மாதக்கணக்காகிவிட்ட ரஃபியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“ஆமாத்தா,” என்றாள். “எந்தம்பி மௌத்தாயிட்டான்.”

இரண்டு பேரும் அழுதார்கள். வைகுண்டராஜ் எழுதிய பதிலைப் படிக்க அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.