எதிரே வருகிறவன்

எஸ்னா படகுத்துறையில் பாய் விரித்த நாளிலிருந்தே ஷாஸிலி படகை நடு ஆற்றில் ஓட்டவில்லை. நாணல் ஓரமாகவே உரசிக்கொண்டு போனார். கோயில் பார்க்க வந்த எட்டுப் பயணிகளுக்கும் ஏக சந்தோஷம். எருமையும் பறவையும் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தன. சுக்கான் பிடிக்கிறவர் தன் மகனின் பிணத்தைத் தேடுகிறார் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

மகன் பத்ரி தெற்கே, ஆறு வரும் திசையில், கோம் ஓம்போ ஊர்ப் பக்கம் வலை இழுக்கும்போது ஆற்றில் விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. படகு முதலாளி, "நீ வீட்டுக்குப் போ, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். ஷாஸிலி கேட்கவில்லை. "வீட்டுல உக்காந்து என்ன பண்ண? ஆறு அவனை வடக்க கொண்டுவருது. காத்து என்னைத் தெக்க கொண்டுபோவுது. எங்கயாச்சும் எதிர்ல வருவான்."

மனைவி ஹமிதா போனில் ஒன்றுதான் சொன்னாள். "வெறுங்கையோட வந்துராதீங்க. குளிப்பாட்டி மண்ணுல வைக்காம எனக்கு ரொட்டி எறங்காது."

காக்கைகள் கூடும் இடமாகப் பார்த்துப் படகை ஒதுக்குவார். கேமராவும் கையுமாக அலையும் மார்கிட் என்ற ஜெர்மன் கிழவி, மனுஷனுக்குப் பறவை என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். பாவம், அவரும் தலையை ஆட்டிவைப்பார்.

எட்ஃபு கோயிலைத் தாண்டியதும் பாழாய்ப்போன காற்று அடியோடு நின்றது. வழிகாட்டி வக்தி சுக்கானுக்கு வந்தான்.

"மாமா, இழுவைப் படகைக் கூப்பிட்டுட்டேன்."

"கொஞ்சம் பொறுடா. காத்து எழும்பும்."

"எப்போ? இவங்களுக்கு இன்னிக்கே கோம் ஓம்போ பாக்கணும். அங்க கோயில்ல பதம் பண்ணி வச்ச முதலையைக் காட்டலேன்னா என்னைத் தின்னுருவாங்க."

"அந்தக் காலத்துல முதலைக்குக்கூட துணி சுத்தி அடக்கம் பண்ணியிருக்கான். என் புள்ளைக்கு ஒரு முழம் துணி சுத்த முடியலயே, வக்தி."

வக்தி தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் மாமா. எனக்கும் மேல ஆள் இருக்கான்ல?"

"அப்போ ஓரமா இழுக்கச் சொல்லு."

"கேட்டாச்சு மாமா. மணல்ல தட்டும், முடியாதுங்கறான் இழுவைக்காரன்."

இழுவைப் படகு நட்டநடு ஆற்றில், கரும்புகையும் அலையுமாக இழுத்துக்கொண்டு போனது. சில்சிலா என்ற இடத்தில் இரு பக்கமும் பாறை நெருக்கியதால் இரண்டு கரையும் கண்ணுக்குள் அடங்கின. அதைத் தாண்டியதும் ஆறு அகன்றுவிட்டது. கிழக்கைப் பார்த்தால் மேற்கு போயிற்று, மேற்கைப் பார்த்தால் கிழக்கு போயிற்று. இருப்பது இரண்டு கண். என்னதான் செய்வார் அந்த மனுஷன்?

கோம் ஓம்போவில் இறங்கி முதலைகளைப் பார்த்துவிட்டு வந்த மார்கிட், பொழுது சாய்கிற நேரத்தில் நேரே அவரிடம்தான் வந்தாள். கேமராவை நீட்டி ஏதோ சொன்னாள். "உங்களுக்காக எடுத்தாளாம் மாமா" என்றான் வக்தி.

சின்னத் திரையில் நாணல். அதன் மேல் சாம்பல் காக்கைகள், கூட்டமாக. அவற்றின் காலடியில் நீலத் துணி. தோள் பக்கம் வெள்ளை நூலில் ஹமிதா போட்ட ஒட்டுத் தையல்.

ஷாஸிலியின் விரல் தானாக நகர்ந்தது. அடுத்த படத்தில் இழுவைப் படகின் அலை நாணலைப் படுக்க வைத்திருந்தது. காக்கைகள் பறந்துகொண்டிருந்தன. நீலம் இல்லை.

"எங்கேன்னு கேளு."

வக்தி கேட்டான். "பாறையைத் தாண்டினதும், மேற்குக் கரையில. நீங்க அப்போ கிழக்கப் பாத்துட்டு இருந்தீங்களாம். கூப்பிடலாம்னுதான் நெனச்சாளாம் மாமா. வேலையா இருக்கற ஆளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டாளாம்."

மார்கிட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஷாஸிலி பின்னால் கட்டியிருந்த சிறு படகை அவிழ்த்து இறங்கினார். "இருங்க மாமா, நானும் வரேன்" என்று வக்தி கத்துவதற்குள் நீரோட்டம் படகை வடக்கே திருப்பிவிட்டது.

அவருடைய படகை இழுக்கும் அதே வேகத்தில்தான் ஆறு அவனையும் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது. இனி அவன் எதிரே வரப்போவதில்லை. ஷாஸிலி துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார்.