தம்பிக்குப் பெண்

என் தம்பி ஜெப்ரினுக்கு என்ன குறை? மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், புல்லட் வண்டி. ஆனாலும் பெண் கிடைக்கவில்லை. அன்று நானும் அம்மாவும் பெண் கேட்டுப் போன பண்ருட்டியிலும் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நான்கு பெர்மனென்ட் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம். என்ன அநியாயம்!

"நாட்டுலயே பொண்ணுங்க கம்மியாம்மா, போன்ல போட்டுருக்கான்" என்று சிரித்துவிட்டு அவன் ஷிப்ட்டுக்குக் கிளம்பினான்.

அம்மா பலாக்காய் நறுக்கிக்கொண்டே புலம்பினாள். "இந்தப் பொண்ணுங்கல்லாம் எங்கதான் போய்த் தொலஞ்சாளுங்களோ, மாதாவே!"

எனக்கு எரிச்சல். பஸ்ஸில் போய் வந்த களைப்பு வேறு. வயிற்றில் நான்கு மாதம். "ஊரச் சொல்றியே, நீ எத்தினி பொண்ணு பெத்த? நான் ஒருத்திதான?" என்று சீண்டினேன்.

"மூணு உண்டாச்சி. ஒனக்கு முன்ன ரெண்டு. ஸ்கேன்ல பொண்ணுன்னாங்க, கலைச்சாச்சி" என்றாள். பால் ஒட்டாமல் இருக்க விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள்.

ஞாயிறு தவறாமல் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிற என் அம்மா மரியபுஷ்பமா இது?

"அப்ப நானு?"

"ஒன்னயும் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. கலைக்கறதுக்கு விருத்தாசலம் பஸ்ல போய்க்கினு இருந்தோம். மைன்ஸுக்கு நெலத்த எடுக்கறாங்கன்னு கம்மாபுரத்து ஜனங்க ரோட்ட மறிச்சிட்டாங்க. பஸ்சு திரும்பிடுச்சி. அப்பறம் நாள் தள்ளிப்போச்சி, முடியாதுன்னுட்டாங்க."

முன்பின் தெரியாத ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன். அடிப்பாவி, இதை ஊர்க்கதை மாதிரி சொல்கிறாளே!

"அதுக்கு ஏன்டி மூஞ்சி வெளுத்துப் போவுது? ஒன்ன நல்லாத்தான வளத்தேன்? ஒனக்கும் மொதல்ல பொண்ணாப் போச்சி. இப்ப வயித்துல இருக்கறது என்னான்னு ஒரு எடத்துல ரகசியமா பாத்துச் சொல்றாங்களாம். நாளைக்கிக் காலையில கார் வருது. மாப்ளதான் பேசி வச்சிருக்காரு."

என் கணவர் சைமன்ராஜுக்கு உடனே போன் போட்டேன். "கார் பேசினீங்களா?"

"சும்மா பாத்துக்கலாம்னுதான் எவாஞ்சலின்..." என்று இழுத்தார். கட் செய்துவிட்டேன்.

"நாளைக்கு அந்தக் கார் வரட்டும், நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டச் சொல்றேன்" என்றேன்.

"என்னாடி பேசற! அவரு ஒம் புருஷன்டி!"

"அவர அப்பறம் பாத்துக்கறேன். நீ இனிமே தம்பிக்குப் பொண்ணு கேட்டு எந்த வூட்டுப் படியும் ஏறாத. பெத்து வளத்தவங்க, அவங்க பொண்ண ஒன் வூட்டுக்கு எதுக்கும்மா அனுப்பணும்?"