மொக்போவுக்கு ஒரு மாற்றல் உத்தரவு

கொரியாவின் இஞ்சியோன் நகரில், உறையவைத்த மீன் விற்கும் கம்பெனி ஒன்றில் பியோ துக்சு பிரிவு மேலாளர். அவர் மனைவி ஓக் மிஹ்வாவும் அதே பிரிவில்தான் வேலை பார்த்தாள். வீட்டை வீட்டிலும் ஆபீஸை ஆபீஸிலும் வைக்கத் தெரிந்த மனிதர் என்று துக்சுவுக்குத் தன்மேல் அபார மதிப்பு. மாமனார் இறந்த அன்று, மனைவியிடம் விடுப்பு விண்ணப்பம் எழுதி வாங்கி, காலைக் கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனார். போய், இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மனமார அழுதார். மூன்றரைக்கு ஒரு வாடிக்கையாளரிடம் கலகலப்பாகப் பேசினார்.

இரண்டு வருடத்துக்கு ஓர் ஆளை நாட்டின் தென்கோடியிலுள்ள மொக்போ கிளைக்கு அனுப்பும்படி தலைமை அலுவலகம் கேட்டது. துளியும் பாரபட்சம் பார்க்காமல் மிஹ்வாவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். அன்று மாலை கிம்ச்சி குழம்பு பிரமாதம் என்று பாராட்டி, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில்தான் அவள் அதைப் பார்த்தாள். நேராக அவர் மேஜைக்கு வந்தாள்.

"நேத்து வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அது ஆபீஸ் விஷயம்மா."

"சரிங்க சார்."

தன் மேஜைக்குத் திரும்பி, விட்ட வேலையைத் தொடர்ந்தாள். எவ்வளவு பக்குவம் என்று துக்சு பூரித்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டி கட்டியபோதுகூட, பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு கண் வைத்தபடியே வழியனுப்பினார்.

மூன்றாவது வாரம், தொடர்ந்து பதினேழாவது நாளாக நூடுல்ஸ் கிண்டியவர், மதியம் மொக்போ கிளைக்கு போன் செய்தார்.

"எப்ப வீட்டுக்கு வர்றே?"

"வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல பேசுற வழக்கம் எனக்கில்லைங்க சார்."

இரவு கூப்பிட்டால், சக ஊழியர்களோடு ஆக்டோபஸ் தின்றுகொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறுநாள் விற்பனைக் கூட்டத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது. கானாங்கெளுத்தி விலையை வாசித்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விலை அவ்வளவு மோசமா என்று பக்கத்திலிருந்தவர் கவலைப்பட்டார்.

துக்சு மாற்றல் கேட்டார். மொக்போவில் ஒரு சாதாரண எழுத்தர் இடம்தான் காலி. அதுவும், போன வேகத்தில் கிளைத் தலைவியாக உயர்த்தப்பட்டிருந்த மிஹ்வாவின் கீழே. காரணம் என்ற கட்டத்தில் 'தனிப்பட்டது' என்று எழுதினார், அடித்தார், 'மனைவி இல்லாமல் முடியவில்லை' என்று எழுதினார்.

பெட்டியோடு வந்து நின்றவரின் விண்ணப்பத்தை மிஹ்வா எல்லோர் முன்னாலும் நிதானமாகப் படித்து, முத்திரை குத்தினாள். பிறகு பையைத் துழாவி, வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"மூணாவது மாடி. அரிசி ஊறப் போட்டிருக்கேன். போய் உலை வைங்க."