பிணம் இல்லாத நாவல்

"வித்தியாசமா இருக்கு."

இந்த ஒரு சொல்லைத்தான் லொரெய்ன் ஹெக்லண்ட் புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பால் வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்த பெண் சொன்னாள். பல் டாக்டர் அவளை வாயைத் திறக்கச் சொல்லி, பதில் பேச முடியாத நிலையில் வைத்துக்கொண்டு சொன்னார். சர்ச் வாசலில் பாதிரியாரும் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

நாட்டின் வட எல்லைப் பக்கம், ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே ஒன்றை நன்றாக இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லையா, மருமகள் தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்து நிற்கிறாளா, எல்லாவற்றுக்கும் "வித்தியாசமா இருக்கு" என்று சிரித்துவிட்டு, பனி எப்போது நிற்கும் என்று பேசப் போய்விடுவார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த லொரெய்னுக்கு அது தெரியாதா என்ன?

பன்னிரண்டு துப்பறியும் நாவல்கள் எழுதியவள் அவள். முதல் பக்கத்தில் பிணம், கடைசிப் பக்கத்தில் கைவிலங்கு, நடுவில் டிடெக்டிவ் பெல்ட்ராம். விமான நிலையக் கடைகளில் அவள் புத்தகம் இல்லாத அடுக்கு இருக்காது. ஆனால் பன்னிரண்டாவதை எழுதும்போது, ஒருவனைக் கொன்றுவிட்டு அவனுக்கு என்ன பெயர் வைத்தோம் என்று இருபது பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே அவளுக்கு வெறுத்துவிட்டது. செத்தவன் பெயர்கூட ஞாபகம் இல்லாமல் இதென்ன பிழைப்பு என்று தோன்றிவிட்டது.

அடுத்து எழுதியதுதான் 'வடக்குக் கரையில் எடித்'. எடித் என்று ஒருத்தி, அறுபத்தைந்து வயது. கணவன் வால்டர் நல்லவன், ஆனால் வாயைத் திறக்காதவன். நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், தண்டர் பே என்ற ஊரிலிருந்து பியானோ சரிசெய்ய வரும் ரேமண்ட், என்னோடு வந்துவிடு என்று அவளைக் கூப்பிடுகிறான். போகிறாளா, இல்லையா? அவ்வளவுதான் கதை.

"பாதிப் பேரு தலைல தூக்கி வெச்சு ஆடுறாங்க, பாதிப் பேரு காறித் துப்புறாங்க," என்றான் நியூயார்க்கிலிருந்து போனில், அவளுக்காகப் பதிப்பாளர்களிடம் பேசும் ஏஜென்ட் டெக்ஸ்டர். "பதிப்பாளர் பயந்துட்டாரு. இன்னும் மூணு பெல்ட்ராம் எழுதித் தரணும்ங்கறாரு. நீங்க சரின்னுட்டா இந்த எடித்த எல்லாரும் மறந்துடுவாங்க. முடியாதுன்னா, அடுத்த புக்க அவரு எடுப்பாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயந்திரம் கூப்பிடுறேன், ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நம்ம சங்கத்துக்காரங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் லொரெய்ன்.

கிளை நூலகத்தின் கீழ்த்தள அறையில் கூடும் வாசகர் சங்கம் அது. 'சனிக்கிழமைப் பிணங்கள்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அவள் யாரென்றே உலகுக்குத் தெரியாத காலத்தில் அவள் முதல் நாவலைப் படித்தவர்கள். நியூயார்க்கில் எவன் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம். இவர்களும் "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெல்ட்ராமிடமே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவார்கள். வீடு தீப்பற்றினாலும் அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். கூட்டத்தன்று கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி ஒரு காப்பி டின்னில் போடுவார்கள். நூலகர் மேவிஸ் அதைப் பிரித்து வாசிப்பாள். பிறகு கடைசி அத்தியாயத்தை உரக்கப் படிப்பார்கள். லொரெய்ன் புத்தகம் என்றால் லொரெய்னே படிப்பாள். சரியாகச் சொன்னவருக்கு எலுமிச்சை கேக்கில் மூலைத் துண்டு.

அந்தச் சனிக்கிழமை லொரெய்ன் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தபோது நாற்காலி ஒன்றுகூடக் காலி இல்லை. எல்லோர் மடியிலும் எடித் இருந்தாள், ரப்பர் பேண்டோடு. மேசையில் காப்பி டின்னும் இருந்தது. இதற்கு எதற்கு டின் என்று அவள் கேட்பதற்குள் மேவிஸ் முதல் சீட்டைப் பிரித்துவிட்டாள்.

"வால்டர் ருபார்ப் ஜாம்ல விஷம் வெச்சு எடித்தைக் கொல்லுவான்."

"ஆமா, ஜாம் நாலு தடவை வருது," என்று பின்னாலிருந்து யாரோ ஆமோதித்தார்கள்.

"ரேமண்ட் ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டியப் பியானோவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்." மேவிஸ் அடுத்ததை எடுத்தாள். "வால்டர் முதல் அத்தியாயத்துலயே செத்துட்டான். அதனாலதான் முந்நூறு பக்கமா பேசவே இல்ல."

லொரெய்னுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இந்தக் கதையில யாரும் சாகப் போறதில்ல," என்றாள்.

டுவைட் கொஸ்கி எழுந்து கோட்டை மாட்டினார். முன்னாள் தபால்காரர், அவளுடைய பன்னிரண்டு நாவல்களையும் கையெழுத்தோடு வைத்திருப்பவர்.

"கோவிச்சுக்காத லொரெய்ன். என் வீட்டுல நான் ஒருத்தன்தான். ராத்திரி உன் பெல்ட்ராமப் படிச்சா, கடைசியில எவனாவது ஒருத்தன் மாட்டுவான், எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும். இதப் படிச்சா, இருக்கற தூக்கமும் போகுது. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார். கதவருகே போய்த் திரும்பினார். "ரொம்ப வித்தியாசமா இருக்கு."

ரொம்ப! ஐந்தாறு பேர் அவர் பின்னாலேயே எழுந்து போனார்கள். டுவைட் தான் கொண்டுவந்த கேக் தட்டையும் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஊரில் ஒருவர் கொண்டுவந்த கேக்கைத் திரும்ப எடுத்துப் போனார் என்றால் அது கன்னத்தில் அறைந்ததற்குச் சமம்.

சரி, முடிந்தது என்று லொரெய்ன் நினைத்தாள். சாயந்திரம் டெக்ஸ்டரிடம் சரி என்று சொல்லிவிடலாம், நாளைக்கே யாரையாவது குத்திக் கொன்றுவிடலாம். இருந்தாலும் வழக்கத்தை விடக் கூடாது என்று ரப்பர் பேண்டை அவிழ்த்துப் படிக்கத் தொடங்கினாள்.

எடித் பெட்டியைக் கட்டிவிட்டாள். சமையலறையில் வந்து நின்று, நான் போகிறேன் என்கிறாள். வால்டர் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். ஒன்றும் பேசாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே அவள் காரிடம் போகிறான்.

"பிரேக்!" என்றது ஒரு குரல். "பிரேக்க அறுக்கப் போறான்!"

"அதானே பாத்தேன்!" அறைக்குத் திடீரென்று உயிர் வந்தது. பத்துப் பேர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

லொரெய்ன் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். வால்டர் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சூடு ஏறட்டும் என்று ஹீட்டரைப் போடுகிறான்.

"அப்போ பிரேக் இல்ல, புகை," என்றாள் மேவிஸ். "கார் புகையிலயே ஆளு காலி."

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?"

கத்தியது பெர்னிஸ் ஸ்டெனர்சன். ஹாக்கி ஆட்டத்தில்கூடச் சத்தம் போடாதவள். சர்ச்சில் ஆமென் சொன்னாலே பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காது. "அவன் யாரையும் கொல்லல. அவ போறதுக்காகக் கார் கண்ணாடில படிஞ்ச ஐஸச் சொரண்டப் போறான். லொரெய்னப் படிக்க விடுங்க!"

லொரெய்ன் விட்ட இடத்திலிருந்து படித்தாள். வால்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு ஐஸ் இல்லாமல் சுரண்டினான். சாவியைக் கொண்டுவந்து எடித்தின் கையில் வைத்தான். ஏரிக்கரைச் சாலையில் வெகுதூரம் போன பிறகுதான் எடித் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். டாங்க் நிறைந்திருந்தது. முந்தைய நாள் அது காலியாக இருந்தது அவளுக்குத் தெரியும். அழுதாள். அழுதாளே தவிர, காரை நிறுத்தவில்லை. எல்லையைத் தாண்டிப் போனாள்.

லொரெய்ன் புத்தகத்தை மூடினாள்.

"தப்பு," என்றார் ஆர்வில் ஸ்டெனர்சன். பெர்னிஸின் கணவர், இரும்புத்தாதுக் கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அவ வண்டியத் திருப்பியிருக்கணும்."

"எதுக்குத் திருப்பணும்?" என்றாள் பெர்னிஸ்.

"டாங்க் ஃபுல் பண்ணி வெச்சிருக்கானே! ஒரு மனுஷன் இதுக்கு மேல எப்படிச் சொல்லுவான், போகாதன்னு?"

"வாயால சொல்லுவான்! வாய் எதுக்கு இருக்கு, கேக் திங்கறதுக்கா?"

"அவளுக்கே தெரிய வேண்டாமா?"

"காலம் பூரா பெட்ரோல் முள்ளப் பாத்தேதான் அவ தெரிஞ்சுக்கணுமா?"

"உன் வண்டிக்கு யாரு பெட்ரோல் போடுறா?" என்றார் ஆர்வில்.

"நீதான் போடுற. நானும் அதத்தான் சொல்றேன்," என்றாள் பெர்னிஸ்.

அவ்வளவுதான், அறை இரண்டாகப் பிளந்தது. வால்டர் பக்கம் பாதி, எடித் பக்கம் பாதி. அவனே வழியனுப்பி வைத்தானே, அதுதான் பெரிய மனசு என்றாள் மேவிஸ். பெரிய மனசாவது மண்ணாவது, கோழை என்றார் இன்னொருவர். ரேமண்ட் மூக்கைப் பார்த்தாலே அவன் ஏமாற்றுக்காரன் என்று தெரிகிறதாம். மூக்கைப் பற்றி லொரெய்ன் ஒரு வரிகூட எழுதவில்லை! கோப்பையில் காப்பி ஆறிக் கிடந்தது, மற்றவர்கள் கொண்டுவந்த கேக்கை யாரும் சீண்டவில்லை, அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசாத ஊர்க்காரர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள்.

லொரெய்னுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பன்னிரண்டு நாவலில் எத்தனை பேரைக் கொன்றிருப்பாள்! ஒருவனுக்காகவாவது இந்த அறையில் யாராவது இப்படிச் சண்டை போட்டிருக்கிறார்களா? கொலைகாரன் பெயரைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கேக் தின்னப் போய்விடுவார்கள். இன்றைக்கு ஒருவர் வாயிலிருந்தும் "வித்தியாசமா இருக்கு" வரவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஜெயித்துவிட்டாள்.

ஆர்வில் அவள் பக்கம் திரும்பினார். "லொரெய்ன், மறுநாள் காலைல எழுந்து வால்டர் என்ன பண்ணான்?"

"தெரியல, ஆர்வில்."

"தெரியலன்னா? எழுதினது நீதானே? போய்க் கண்டுபிடி!"

"அவன் கிடக்கான்," என்றாள் பெர்னிஸ். "எடித் என்ன பண்ணாள்னு சொல்லு."

அப்போது போன் அடித்தது. டெக்ஸ்டர்தான். லொரெய்ன் சுவரோரம் ஒதுங்கி எடுத்தாள்.

"பெல்ட்ராமுக்கு ஓய்வு குடுத்தாச்சு, டெக்ஸ்டர்."

"அப்போ அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சா?"

"கொஞ்சம் பேரு எழுந்து போயிட்டாங்க. ஒருத்தரு கேக்கையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. மிச்சம் இருக்கறவங்க அடிச்சுக்கறாங்க."

"ஐயோ."

"ஐயோ இல்ல. இங்க கேளு," என்று போனை அறைப் பக்கம் நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து பெர்னிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கணவன் முன்னால் நின்றாள். "சரி, நான்தான் எடித். பெட்டியும் கையுமா நிக்கறேன். ஐஸச் சொரண்டாத, பெட்ரோல் போடாத. என்ன சொல்லுவ? சொல்லு பாப்போம்."

எல்லோரும் ஆர்விலையே பார்த்தார்கள். அவர் முகம் கழுத்துவரை சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றினார், கையில் வைத்துச் சுருட்டினார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"போகாத, பெர்னிஸ்," என்றார்.

பெர்னிஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். "நான் எங்கய்யா போறேன்," என்றாள்.

"லொரெய்ன்? ஏன் ஒரு சத்தமும் இல்ல? லைன் கட்டாயிடுச்சா?" என்றான் டெக்ஸ்டர்.

"இல்ல, இருக்கேன்," என்றாள் லொரெய்ன். "மறுநாள் காலைல வால்டர் என்ன பண்ணான்னு எழுதப் போறேன். பதிப்பாளர்கிட்டச் சொல்லிடு. அவர் எடுக்கலன்னா வேற ஆளப் பாரு."